பனிக்கட்டிக் கப்பலில் நீ ஒட்டிய தாள்கள்

இருந்தபோதும் என் பொறுமையைச் சோதித்து, போன பிறகும் விடாமல் சோதிக்கிற அன்பு மச்சான் ஜமாலுக்கு,

ஒரு வாரமாக உன்மேல் கோபமாக இருக்கிறேன். இறந்துபோனவர்மேல் கோபப்படக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள், லப்பைக்குடிக்காட்டில் உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற யாரும் உன்னிடம் புத்தகம் வாங்கிப் படித்திருக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். ‘பனிக்கட்டிக் கப்பல்’ என்னிடம் வந்திருக்கிறது. உன் வாடகை நூலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. மற்ற புத்தகங்களையெல்லாம் மும்தாஜ் ஒரு விடுதிக்குக் கொடுத்துவிட்டாள். இதை மட்டும் பையில் போட்டு என்னிடம் நீட்டினாள். “இது ஒங்க ரெண்டு பேரு சண்டை. நீங்களே வச்சுக்கங்கண்ணே” என்றாள். உன்னை மச்சான் என்று நான் கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து உன் மனைவிக்கு நான் அண்ணன். அந்த முறையை அவள் இன்னும் விடவில்லை.

நீ அதன் பக்கங்கள்மேல் ஒட்டிய தாள்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நானும் மும்தாஜும் உரித்துவிட்டோம். அந்த ஒன்று வரமாட்டேன் என்கிறது. இழுத்தால் உன் கையெழுத்தும் கிழியும், அடியில் இருக்கும் அச்சும் கிழியும். விட்டுவைத்தால் அந்தக் கப்பல் எப்படித் தப்பியது என்பதை என் கண்ணால் படிக்க முடியாது. ஒரு மனிதனை இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்த உன்னால்தான் முடியும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. யார், எங்கே, எப்போது என்று முதலில் சொல்லாவிட்டால் எனக்கு எழுத ஓடாது. தொழில் அப்படி. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ வளைகுடாவில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். திரும்பி வந்தவர்கள் ஜவுளிக்கடை வைத்தார்கள், லாரி வாங்கினார்கள். நீ பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாவல் வாடகைக்கு விடும் கடை வைத்தாய். பெரம்பலூர், அரியலூர் இரண்டுக்கும் சேர்த்து நான் ஒரே நிருபர். சாயங்காலம் செய்தியையும் போட்டோவையும் கவரில் போட்டுத் திருச்சி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு உன் கடைக்கு வந்து உட்காருவேன். அப்படித்தான் பழக்கம்.

உன் கடையில் நல்ல சரக்கு எது என்று ஊருக்கே தெரியும். கடையில் விற்கிற நாவல் எல்லாரிடமும் இருக்கும். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கத்தரித்து, வரிசையாக அடுக்கி, சணலில் தைத்து, அட்டை போட்டு வைத்திருப்பது உன்னிடம்தான். கத்தரிப்பது மும்தாஜ். பூச்சி அரிக்காமலிருக்க மைதாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுவதும் மும்தாஜ். தைப்பதும் அதிகாரம் பண்ணுவதும் நீ.

அப்படிச் சேர்ந்த ஒன்றுதான் ‘பனிக்கட்டிக் கப்பல்’. சனிக்கோளின் வளையத்திலிருந்து பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு, செவ்வாயில் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஒரு ஊருக்குப் போகும் கப்பலின் கதை. உள்ளே ஐந்து பேர். தலைவி ஒரு பெண். பாதி வழியில் எரிபொருள் கசிந்து தீர்ந்துவிடுகிறது. கப்பல் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆகாயத்தில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. சிக்கல் என்னவென்றால் நிறுத்த முடியாது. செவ்வாயைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். எழுதியவர் யாரோ புனைபெயர்க்காரர். கணக்கில்லாமல் ஒரு அடி எடுத்து வைக்காதவர். ஒவ்வொரு வாரமும் அரைப் பக்கமாவது விஞ்ஞானம்.

உன் சந்தாதாரர்கள் முனகினார்கள். குரும்பலூரிலிருந்து வரும் அந்த டீச்சரம்மா புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. “கதை நல்லாத்தான் இருக்கு பாய். நடுவுல நடுவுல பாடம் நடத்துறாரு. அதான் பகல்ல பள்ளிக்கூடத்துல நான் நடத்திட்டு வரேனே.” கடையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாய்.

பக்கத்தைக் கிழித்து எறிய முடியாது, பின்பக்கத்தில் கதை இருக்கும். ஆகவே நீ கண்டுபிடித்த வழி, உலகத்தில் வேறு எந்த நூலகக்காரனுக்கும் தோன்றாதது. அரியலூரிலிருந்து சிமென்ட் மூட்டையின் காக்கித்தாளை வரவழைத்தாய். விஞ்ஞானம் வருகிற இடத்தை அளந்து, அதே அளவுக்குத் தாளை வெட்டி, அதன்மேல் ஒட்டினாய். ஒட்டிய தாளில் உன் குண்டு குண்டு எழுத்தில் ஒரு வரிச் சுருக்கம்.

“இங்கே சயின்ஸ். வளையம் பாக்க அழகா இருக்கு.”

“இங்கே சயின்ஸ். போன் பேசுறாங்க.”

“இங்கே சயின்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி. முடிவு: காத்து பத்தாது.”

ஒட்டி முடித்த பிறகுதான் எனக்குப் படிக்கக் கொடுத்தாய். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னால் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சனிக்கோளில் இருப்பேன். கதை இழுத்துக்கொண்டு போனது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினால் சிமென்ட் மூட்டை. சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி இருந்தது.

உன்னிடம் வந்து சண்டை போட்டேன். “நான் விஞ்ஞானம் படிச்சவன் இல்லை. பத்தாங்கிளாஸ்ல கணக்குல தப்பிச்சதே பெரிசு. ஆனா அந்த ஆள் என்ன கணக்குப் போட்டான்னு எனக்குப் பாக்கணும்” என்றேன்.

“ஒனக்குப் புரியாது மச்சான்.”

“புரியாட்டிப் போவுது. புரியாமயே ரசிப்பேன். எம் பங்கை நீ ஏன் மறைக்குறே?”

“பொதுசனத்துக்குக் கதை போதும். கஷ்டத்த நான் படிச்சுக்கிறேன். நீங்க சந்தோசமா படிச்சுட்டுப் போங்கடா” என்றாய்.

அதுதான் உன் நியாயம். நீ ஆவியோடும் அழுத்தத்தோடும் வேலை பார்த்தவன், அந்தக் கணக்கெல்லாம் உனக்குப் புரிந்தது. புரிந்த கஷ்டத்தை நீ வைத்துக்கொண்டு எங்களுக்குச் சுருக்கம் கொடுத்தாய். உபகாரம் செய்வதாகத்தான் நினைத்தாய். திருச்சியில் என் உதவி ஆசிரியரும் அப்படித்தான். ஏரி உடைந்தது என்று எழுதினால் போடுவார். எந்த மதகு, எத்தனை அடித் தண்ணீருக்குக் கட்டியது, எவ்வளவு வந்தது என்று எழுதினால் வெட்டிவிடுவார். வாசகனுக்குப் புரியாதாம். தன் வயலில் தண்ணீர் புகுந்த வாசகனுக்கு அந்த அடிக்கணக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

புரியாததைப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மச்சான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குச் செய்திக்குப் போகும்போது அங்கே இருக்கும் நிலவியல் ஆள் பாறையில் ஒட்டிய சங்கைக் காட்டி, இங்கே கடல் இருந்தது என்று ஏதேதோ காலக்கணக்குச் சொல்வார். பாதி புரியாது. ஆனால் அவர் சொல்லி முடித்த பிறகு அரியலூர்ப் புழுதியில் நான் செருப்பை வைக்கிற விதம் மாறிவிடும். சுருக்கமாக ‘இங்கே முன்னொரு காலத்தில் கடல்’ என்று போர்டு வைத்தால் அது நடக்காது. ஒருவர் கணக்குப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இதை உன்னிடம் சொல்லி இருக்கிறேன். “ஒனக்கு டீ சொல்லட்டுமா?” என்று கேட்டாய்.

கடைசி அத்தியாயம்தான் என்னை மிகவும் படுத்தியது. கப்பல் செவ்வாயை நெருங்குகிறது. எரிபொருள் இல்லை. நிறுத்த வழியில்லை. தலைவி நாலு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, “ஒரு வழி இருக்கிறது” என்கிறாள். பக்கத்தைத் திருப்புகிறேன். முழுப் பக்கத்துக்குக் காக்கித்தாள்.

“இங்கே பெரிய சயின்ஸ். நம்பு மச்சான். தப்பிச்சுடுறாங்க.”

எனக்கென்றே எழுதியது. அதற்கு அடுத்த காட்சியில் கப்பல் இறங்குகிறது. ஊர் முழுக்க வந்து நிற்கிறது. எல்லார் கையிலும் காலிக் குடம். யாரும் கைதட்டவில்லை, யாரும் பேசவில்லை. தலைவி இறங்கி, அவர்கள் நடுவே நடந்து போகிறாள். ஒரு கிழவர் தன் குடத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறார். அவள் அழுகிறாள். முற்றும்.

ஏன் அழுகிறாள்? தண்ணீர் கொண்டுவந்தவளை ஏன் வரவேற்கவில்லை? உன்னிடம் கேட்டேன். “அதான் தப்பிச்சுட்டாங்கல்ல, பொறவென்ன?” என்றாய். பல தடவை கேட்டேன். பல தடவையும் அதே பதில்.

பிறகு நடுவில் உனக்கு உடம்பு முடியாமல் போனது. கால் வீங்கியது. திருச்சிக்குப் போனாய், வந்தாய். கிட்னி என்று மட்டும் சொன்னாய். நான் நிருபன், எனக்கு விவரம் வேண்டும். கிரியாட்டினின் எவ்வளவு, வாரத்தில் எத்தனை தடவை டயாலிசிஸ், டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். “டாக்டர் என்னமோ கணக்குச் சொல்றாரு. ஒனக்கெதுக்கு அது. சரியாயிடும்” என்றாய். மாற்று கிட்னி கிடைக்குமா என்று கேட்டதற்கு, “வூட்ல எல்லாருக்கும் பாத்தாச்சு மச்சான். யாருதும் பொருந்தல” என்றாய். அதோடு பேச்சை மாற்றினாய். அரியலூர் தனி மாவட்டமாகி, அது போதாதென்று மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்த கதையை எடுத்துக்கொண்டு என்னைச் சிரிக்கவைத்தாய்.

ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டாய். அதற்கு முந்தின நாள் கூட நீ தப்பித்துவிடுவாய் என்றுதான் நம்பினேன். நம்பு மச்சான் என்று எழுதிக் கொடுத்தவன் நீதானே.

சரி. இப்போதைய செய்திக்கு வருகிறேன்.

அரியலூரை மறுபடியும் தனி மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். பஸ்ஸில் ஒருவர் சொன்னார், பழைய பெயர்ப்பலகையை மறுபடி தேவைப்படும் என்று பரண்மேல் பத்திரமாக வைத்திருந்தாராம் போர்டு எழுதுகிறவர். நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பாய்.

புத்தகம் கைக்கு வந்ததும் நான் முதலில் செய்தது, ஒட்டாத பிரதி ஒன்றைத் தேடியது. அந்த வாரப் பத்திரிகை நின்றுபோய்விட்டது. எழுதியவர் யார் என்று பத்திரிகையில் வேலை பார்த்தவர்களுக்கே தெரியவில்லை. பூலாம்பாடியில் ஒரு வீட்டில் இதே தொடரைச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். இருந்தது, மச்சான். சுத்தமான பிரதி, ஒரு ஒட்டுக்கூட இல்லை. அவசர அவசரமாகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனால் அந்த ஒரு வாரம் மட்டும் இல்லை.

அந்த வீட்டம்மா கொஞ்சமும் அசரவில்லை. “அந்த வாரமா? நோம்பிக்கு அதிரசம் சுட்டோம்ங்க. எண்ணெ வடியறதுக்கு எம் மருமவ எடுத்துப் போட்டுட்டா. அதுல ஒண்ணுமில்லீங்க, வெறும் கணக்காத்தான் இருந்துச்சு” என்றார். தட்டில் முறுக்கு வைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

வந்து மும்தாஜிடம் புலம்பினேன். “இதுக்கு ஏண்ணே ஊரூரா அலையறீங்க. அது மைதாப் பசை, நான் காய்ச்சுனது. ஆவியில காட்டுனா விட்டுக்குடுத்துடும்” என்றாள். அடுப்பில் கெட்டிலை வைத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, கெட்டிலின் மூக்கு வழியே வரும் ஆவியில் பக்கம் பக்கமாகக் காட்டினோம். ஓரம் சுருண்டது. அவள் தோசைத்திருப்பியின் முனையால் நெம்பி எடுத்தாள். எடுத்த தாளை ஒவ்வொன்றாகத் துணிக்கயிற்றில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். உன் கையெழுத்து வரிசையாகக் கொல்லையில் ஆடியது. இங்கே சயின்ஸ், இங்கே சயின்ஸ் என்று.

அடியில் இருந்ததைப் படித்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? ‘வளையம் பாக்க அழகா இருக்கு’ என்று நீ ஒட்டிய இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? தெரியும், நீதான் படித்திருக்கிறாயே. அது வளையமே இல்லை, கோடிக்கணக்கான பனித்துண்டுகள் தனித்தனியாகச் சுற்றுகின்றன, தூரத்தில் நிற்கிறவனுக்குத்தான் அது வளையம் என்று இருந்தது. ‘விளக்கு ஏத்துறாங்க’ என்ற இடத்தில், எடை இல்லாத கப்பலில் தீக்குச்சி கொளுத்தினால் சுடர் மேலே எழும்பாது, நீலமாக உருண்டு நிற்கும் என்று இருந்தது. ஏன் எழும்பாது என்பதற்குக் காரணமும் இருந்தது. மூன்று தடவை படித்தேன். பாதி புரிந்தது. மீதி பாதியும் இனித்தது. இதையா, மச்சான், எனக்கு ஆகாது என்று மூடினாய்?

‘போன் பேசுறாங்க’ என்ற இடத்தை மும்தாஜுக்கு வாய்விட்டுப் படித்தேன். தலைவி செவ்வாயில் இருக்கும் தன் தாயோடு பேசுகிறாள். ஒளியே போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகவே கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் கேட்டவளின் நிலைமை மாறிவிடுகிறது என்று தூரத்தையும் வேகத்தையும் வைத்து விளக்கியிருந்தார். மும்தாஜ் நெம்புவதை நிறுத்தினாள்.

“நாங்க கேசட்டுல பேசுனாப்புலதான்” என்றாள். “அவரு அங்க இருக்கச்சே புள்ளைக்குக் காய்ச்சல்னு பேசி அனுப்புவேன். எப்படி இருக்குன்னு அவரு கேட்டு வர்ற கேசட்டு வரும்போது புள்ள வெளையாடிட்டு இருக்கும். அவரு கொரலு அழும். எனக்குச் சிரிப்பா வரும்.” மறுபடி நெம்பிக்கொண்டே, “இத ஏண்ணே எனக்குப் படிச்சுக் காட்டல அவரு? ஒனக்கு வேணாம்னுட்டாரு” என்றாள்.

நீயே பதில் சொல்.

கடைசியில் அந்த முழுப்பக்கத் தாளுக்கு வந்தோம். ஆவியில் காட்டினோம், காட்டிக்கொண்டே இருந்தோம். அசையவில்லை. மும்தாஜ் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். “இது எம் பசை இல்லண்ணே. மைதா தீந்துபோயிருக்கும். ஆசாரி கடையில மரத்துக்குப் போடுற வெள்ளப் பசைய வாங்கி ஒட்டிருக்காரு” என்றாள். மரத்தை ஒட்டும் பசையால் ஒரு வாரப் பத்திரிகைத் தாளை ஒட்டிய மகானுபாவனே, உனக்கு நான் என்ன செய்தேன்?

அதற்குப் பின்னால் இன்னும் ஒரே ஒரு சின்னத் தாள் இருந்தது. கடைசிக் காட்சிக்கு முன்னால். “இங்கே சயின்ஸ். ஊர்க்காரங்க ரேஷன் கணக்கு. முக்கியமில்ல.” அது உரிந்தது.

அடியில், செவ்வாயில் அந்த ஊர் கூடிப் போட்ட கணக்கு. கையிருப்புத் தண்ணீர் எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு குறைத்தால் அடுத்த கப்பல் வரும்வரை உயிரோடு இருக்கலாம், குழந்தைகளுக்குக் குறைக்காமல் பெரியவர்கள் எதைக் குறைப்பது. கடைசி வரி: ‘ஊர் சம்மதித்தது. தலைவிக்குச் செய்தி போயிற்று.’ எதற்குச் சம்மதித்தது?

கெட்டில் பக்கத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். முதல் அத்தியாயத்தில் உரித்த ஒரு தாளின் அடியில், கொள்ளிடத்தில் பரிசலிலிருந்து ஒருவன் கரைக்குக் குதித்தால் பரிசல் பின்னால் போகும், கப்பல் ஓடுவதும் அதே விதிதான், எதையாவது ஒரு பக்கம் வீசினால் மறுபக்கம் தள்ளும் என்று எழுதியிருந்தது. நடு அத்தியாயத்தில், எரிபொருள் போனாலும் அணு உலையின் சூடு குறையவில்லை என்று இருந்தது. எதிரே கெட்டிலின் மூக்கு வழியே ஆவி சீறிக்கொண்டிருந்தது. மூடி தூக்கித் தூக்கி அடித்தது.

அவர்களிடம் வீசுவதற்கு என்ன இருந்தது? ஐஸ் இருந்தது, மச்சான். சரக்கு. அதை உலையில் ஆவியாக்கி முன்பக்கம் பீய்ச்சினால் கப்பல் வேகம் குறையும். ஊருக்குக் கொண்டுவந்த தண்ணீரை எரித்துத்தான் ஐந்து பேர் ஊருக்கு வந்து சேர முடியும். ஆகவே தலைவி முதலில் கணக்கை ஊருக்கு அனுப்பினாள். ஊர் தன் கணக்கைப் போட்டுப் பார்த்து, வாருங்கள் என்றது. காலிக் குடத்தோடு வந்து நின்றது கோபத்தில் அல்ல. எங்களால் முடியும், பார் என்று கவிழ்த்துக் காட்டினார் அந்தக் கிழவர்.

விஞ்ஞானம் தெரியாத நான், உன் தாளைத் திறக்காமலே அதன் அடியில் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டேன். சத்தமாகவே சொன்னேன். மும்தாஜுக்கும் விளக்கினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

“அப்ப அவரு சொன்ன ஐஸு இதானா?” என்றாள்.

எந்த ஐஸ் என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரியில சொன்னாரு. ‘ஐஸ எரிச்சு வூடு வந்து சேந்தவ கதை எனக்கு வேணாம் புள்ள’ன்னாரு. காய்ச்சல்ல பெனாத்துறாருன்னு நெனச்சேன்.” தோசைத்திருப்பியைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “எங் கிட்னி அவருக்குப் பொருந்துச்சுண்ணே. டாக்டரு என்னையக் கூப்புட்டு உக்கார வச்சு எல்லாம் சொன்னாரு. ஒண்ணு இருந்தாப் போதும், வேலை வெட்டி பாக்கலாம், பயமில்லேன்னாரு. நான் எல்லாத்தையும் ரோசன பண்ணிட்டுத்தான் சரின்னேன். அவருதான் ஒத்துக்கல. யாருக்கும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஒங்கட்டயும்.”

தோசைத்திருப்பியை அவளிடமிருந்து வாங்கித் துடைத்து வைத்தேன்.

நான் நிருபனாக வேலை பார்த்த இத்தனை காலத்தில் என்னிடம் மறைத்தவர்கள் ஏராளம். அதிகாரிகள், குத்தகைக்காரர்கள், செத்தவரின் சொந்தக்காரர்கள். அவர்கள் மறைப்பது தங்களைக் காப்பாற்றிக்கொள்ள. நீ ஒருவன்தான் எங்களைக் காப்பாற்ற மறைத்தாய். அதனால்தான் உன்மேல் கோபத்தைச் சரியாகப் படவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், கேள். நீ அந்தக் கதையைத் தப்பாகப் படித்துவிட்டாய். எல்லாக் கணக்கும் புரிந்த நீ, அந்தக் கடைசிச் சின்னக் கணக்கை முக்கியமில்லை என்று ஒட்டிவிட்டாய். தலைவி ஊர்த் தண்ணீரைத் திருடவில்லை. கேட்டாள். ஊர் யோசித்துத்தான் கொடுத்தது. கொடுப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு, மச்சான். மும்தாஜ் தன் கணக்கைப் போட்டு முடித்திருந்தாள். நீ அதன்மேல் தாளை ஒட்டினாய்.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கலாம். அவளுக்கு ஏதாவது ஆனால் என்று பயந்திருப்பாய். ஆலையில் எத்தனை விபத்தைப் பார்த்திருப்பாய். என்னிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை உன் பக்கமே பேசியிருப்பேனோ என்னவோ. அதைப் பேசிப் பார்க்கக்கூட ஒரு சாயங்காலம் கொடுக்கவில்லையே.

மும்தாஜும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள். இரண்டு வருஷமாகத் தனியாகக் கோபப்பட்டாள், இப்போது என்னோடு சேர்ந்து கோபப்படுகிறாள். அது அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது என்று தோன்றுகிறது. நேற்று டீ கொடுக்கும்போது, “ஒங்க மச்சான் இருந்தா இந்நேரம் ரெண்டு பேத்தையும் சமாதானப்படுத்த பிரியாணி போட்டுருப்பாரு” என்றாள். சிரித்தோம்.

காய்ந்த தாள்களை என்ன செய்வது என்று கேட்டேன். தூக்கிப் போடவும் மனசில்லை, பழையபடி மூடவும் முடியாது. அவளே வழி சொன்னாள். ஒரு ஓரத்தில் மட்டும் பசை தடவி, அதே இடத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறோம். ஜன்னல் கதவு மாதிரி. வேண்டியவர்கள் உன் ஒரு வரியைப் படித்துவிட்டுக் கதையோடு போகலாம். வேண்டியவர்கள் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். குரும்பலூர் டீச்சரம்மாவுக்கும் நஷ்டமில்லை, எனக்கும் நஷ்டமில்லை. இது அன்றைக்கே ஏன் உனக்குத் தோன்றவில்லை என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் டீ சொல்லட்டுமா என்பாய்.

அந்த ஒரு முழுப்பக்கத் தாளை நான் கிழிக்க மாட்டேன். பயம் இல்லை. அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரிய வேண்டும். அது அப்படியே இருக்கட்டும்.

மற்றபடி ஒரு சத்தியம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் உன் வீட்டுக்குப் போய், முதல் அத்தியாயத்திலிருந்து மும்தாஜுக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டப் போகிறேன். ஒரு கணக்கையும் தாண்ட மாட்டேன். எனக்குப் புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்வேன், அவளுக்குப் புரிந்தால் அவள் சொல்வாள். உன் தாள் வரும் இடத்தில் உன் வரியை உன் குரலிலேயே படிப்பேன். நம்பு மச்சான் என்ற அந்தப் பக்கத்துக்கு வரும்போது மட்டும், புத்தகத்தை மூடிவிட்டு, தலைவி போட்ட கணக்கை நானே வாயால் சொல்வேன். என்ன எரிந்தது, எவ்வளவு எரிந்தது, யார் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் சேர்த்து.

உன் முடிவை இன்னும் ஒத்துக்கொள்ளாத, ஆனால் முறையை விடாத
உன் மச்சான்,
செல்வராசு